உரம் வாங்குகிற பொருளா?



போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். சென்னையில் கணினி வேலை. ஊரில் அப்பாவோட ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்கு, இயற்கை விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன் என்றார். நல்லது தம்பி, செய்யுங்க என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "ஐயா, முதல்ல என்னென்ன உரம் வாங்கணும்? லிஸ்ட் கொடுத்தீங்கன்னா ஆர்டர் போட்டுடுவேன்."

எனக்கு சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்கிற தயக்கம்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வூதியப் பணத்தோடு மண்ணில் இறங்கியபோது நானும் இதே கேள்வியைத்தான் இன்னொருவரிடம் கேட்டேன். அதற்கும் முன்னால் முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் உட்கார்ந்து, "உரத்துக்கு எவ்வளவு?" என்று விவசாயிகளிடம் கேட்டு, கட்டத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ரெண்டு நாள் கழித்துக் கூப்பிடுறேன் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ரெண்டு நாளும் மண்டைக்குள் ஓடியது ஒரே சொல்தான், உரம். அதன் பக்கத்தில் 'வாங்கு' என்ற சொல் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். என் தாத்தா வாயிலிருந்து உரம் என்ற சொல்லை விவசாயத்துக்கு நான் கேட்டதே இல்லை. எரு என்பார், குப்பை என்பார், தழை என்பார், வண்டல் என்பார். ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு வேலை இருந்தது. குப்பை அடிப்பார்கள், தழை மிதிப்பார்கள், வண்டல் அள்ளுவார்கள், கிடை போடுவார்கள். இதில் எதுவும் 'வாங்குவது' இல்லை. கிடை போட்ட ஆட்டுக்காரருக்கு நெல் அளந்து கொடுப்பது உண்டுதான். அது ஆடுகள் வந்து ராத்திரி படுத்துப் போனதற்கான கூலி.

குப்பை என்ற சொல்லையே பாருங்கள். குவியல் என்பதுதான் அதற்குப் பொருள். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. நெல் குவிந்து கிடந்த ஊர். குவித்து வைத்தது குப்பை, அது மக்கினால் எரு. இன்றைக்கு அதே சொல்லை நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டோம்.

உரம் என்ற சொல் எங்கள் வீட்டில் வேறு இடத்தில் புழங்கியது. கைக்குழந்தை விடாமல் அழுதால், "உரம் விழுந்திருக்கு, எடுக்கணும்" என்று பாட்டி புடவையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவாள். நல்ல கெட்டித் துணியை உரமான துணி என்பாள். பையன் உரமா இருக்கான் என்றால் திடகாத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

பிறகு மூட்டை வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்ததைத் தாத்தா கையில் அள்ளிப் பார்த்து 'உப்பு' என்றார். கடைசி வரைக்கும் அவருக்கு அது உப்புதான். மூட்டை வந்த சில வருஷத்தில் அப்பா அதை உரம் என்று சொல்ல ஆரம்பித்தார். விரிவாக்க அலுவலர் கொடுத்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பெயர் மாறினதை நான் ஒரு சின்ன விஷயமாக நினைக்கவில்லை. உப்பை எவ்வளவு போடலாம் என்று எல்லாருக்கும் தெரியும். உரத்தை எவ்வளவு போட்டால்தான் என்ன?

திருக்குறளை எடுத்துப் பார்த்தேன். உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது எரு. உழுவதைவிட எருவிடுவது மேல் என்று அதை ஏருக்கே மேலாகத் தூக்கி வைக்கிறார். உரம் என்ற சொல்லும் குறளில் இருக்கிறது, ஆனால் அது ஊக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், அறுநூறாவது குறளில், மன உறுதிக்கு. நிலத்தில் போடுவது எரு, மனுஷனுக்குள் இருப்பது உரம் என்று ரெண்டும் அந்தப் புத்தகத்தில் தனித்தனியாக நிற்கின்றன. இப்போது உரம் என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது தைத்த மூட்டை, இல்லையென்றால் மூடி போட்ட கேன்.

நான் பாலக்காட்டுப் பக்கம் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அங்கே விவசாயி வந்து உட்கார்ந்து "வளம் வாங்கான் லோண்" வேண்டும் என்பார். மலையாளத்தில் உரத்துக்குச் சொல் வளம். நமக்கு வளம் என்றால் செழிப்பு, நாட்டு வளம், மண் வளம். முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது, வளத்தைக் கடன் வாங்கி வாங்குகிறாரே என்று. எது பயன், எது அதற்கான வேலை என்ற வித்தியாசம் அங்கே சொல்லிலேயே கரைந்துவிட்டது. நம் உரமும் அப்படித்தானே? வலிமை என்ற பலனின் பெயரை எடுத்து மூட்டைக்கு வைத்துவிட்டோம். மூட்டையை வாங்கினால் வலிமையை வாங்கியதாக ஆகிவிடுகிறது.

அடுத்து போட்டார்கள் சித்தூர் மாவட்டத்துக்கு. தெலுங்கில் எருவு என்பார்கள். நம் எருவேதான். ஆனால் தெலுங்கில் இன்னொரு எருவு உண்டு, அதற்கு இரவல் என்று பொருள். வேர் வேறு, ஒலி ஒன்றாகிவிட்டது. நம் இரவலின் சொந்தக்காரச் சொல் அது. இரவல் நகை போட்டால் கழுத்துக்குப் பாரம்தான் என்கிற மாதிரி அவர்களிடம் ஒரு பழமொழியும் இருக்கிறது, இந்த ரெண்டாவது எருவை வைத்து.

அந்தக் கிளையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிர்க்கடனில் ஒரு பகுதியைப் பணமாகவும், உரத்துக்கான பகுதியைப் பொருளாகவும் கொடுப்போம். உரத் தொகை விவசாயி கைக்குப் போகாது, நேராகக் கடைக்குப் போகும். பணத்தை வேறு எதற்காவது செலவழித்துவிடுவார் என்ற பயம். ஒரு நிலக்கடலை விவசாயி வந்தார். அறுபது வயசு இருக்கும். "சார், எருவு எனக்கு வீட்டிலேயே இருக்கு. நாலு மாடு, முப்பது ஆடு. குழி நிறைஞ்சு கிடக்கு. வயல் ஒன்றரை மைல் தூரம். வண்டிக் கூலி, ஆள் கூலிக்குத்தான் காசு இல்ல. அந்த உரப் பணத்தைக் கையில கொடுங்க" என்றார்.

நான் முடியாது என்றேன். படிவத்தில் 'உரம்' என்ற கட்டம் இருந்தது. அதில் யூரியா எழுதலாம், டிஏபி எழுதலாம், பொட்டாஷ் எழுதலாம். எருவை வயலுக்கு அடிக்கிற வண்டிக் கூலியை எழுத அதில் இடம் இல்லை. விதியை மீறி நான் கொடுத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்படி எழுதலாம் என்று தோன்றக்கூட இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அவர் மூட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் டீக்கடையில் பார்த்தபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பாதி மூட்டையை அதே கடையில் குறைந்த விலைக்குத் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசில் எருவை வயலுக்கு அடித்தாராம். "நீங்க கொடுத்ததும் எருவுதான் சார். இந்த எருவு இல்ல, அந்த எருவு." கடை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விலை வித்தியாசத்தில் அவர் இழந்ததற்கும் சேர்த்துத்தான் நாங்கள் வட்டி வாங்கினோம் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஓய்வுக்குப் பிறகு என் மகள் ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றிய அகராதி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மத்தியான வெயிலுக்குக் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் புரட்டுவது என் பழக்கம். அதில் 'மென்யூர்' என்ற சொல்லைப் பார்த்தபோதுதான் அந்தப் பெரியவர் மறுபடி ஞாபகத்துக்கு வந்தார்.

ஆங்கிலத்தில் எருவுக்குச் சொல் மென்யூர். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, அடியில் இருப்பது லத்தீன். மானுஸ் என்றால் கை, ஓபெராரி என்றால் வேலை செய்வது. மென்யூர் என்றால் முதலில் சாணமே கிடையாது. நிலத்தைக் கையால் வேலை செய்து பராமரிப்பது, அவ்வளவுதான். அது வினைச்சொல். சாணத்துக்கும் மக்குக்கும் பெயராக அது மாறியது 16-ஆம் நூற்றாண்டு வாக்கில். அதற்கு நூறு வருஷம் கழித்து 1667-இல் வந்த மில்டனின் இழந்த சொர்க்கம் காவியத்தில்கூட, தோட்டம் அடர்ந்து மண்டிவிட்டது, நம் ரெண்டு பேரின் பராமரிப்பு போதவில்லை என்று ஆதாம் ஏவாளிடம் சொல்லுமிடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. அங்கே சாணத்துக்கு வேலையே இல்லை, கைதான். ராணுவத்தில் படையை நகர்த்துவதற்குச் சொல்கிற 'மனூவர்' இதன் உடன்பிறப்பு.

அப்படியென்றால் வண்டிக் கூலி, ஆள் கூலி கேட்ட பெரியவர் அந்தச் சொல்லின் நேரான அர்த்தத்தில்தான் கடன் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தை வைத்துக்கொண்டு, அந்த ஆங்கிலச் சொல்லுக்கே அர்த்தம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

கம்போஸ்ட்டும் இப்படியேதான். லத்தீனில் 'சேர்த்து வைத்தது' என்று அர்த்தம். பழத்தைச் சர்க்கரையில் வேகவைத்துத் தருகிற 'காம்போட்' அதே சொல். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரும் அதே குடும்பம். எதை எதோடு எந்த அளவில் சேர்ப்பது என்ற மூளையும் கையும்தான் கம்போஸ்ட். ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் இருந்துகொண்டு 1931-இல் எழுதிய புத்தகத்தில் விளக்குவது இந்தச் சேர்மானத்தைத்தான். இன்று அது கிலோ என்ன விலை என்று கேட்கிற சரக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது இத்தாலியச் சொல். தொழுவத்து எருவை அவர்கள் லெத்தாமே என்கிறார்கள். அதன் வேர் லைட்டுஸ் என்ற லத்தீன் சொல். கொழுமையான, செழிப்பான என்று முதல் பொருள், மகிழ்ச்சியான என்று பின்னால் வந்தது. பயிர் தளதளவென்று நின்றால் அதை 'மகிழ்ச்சியான பயிர்' என்று பட்டிக்காட்டார்கூடச் சொல்வார்கள் என்று சிசரோ எழுதி வைத்திருக்கிறார். ஆக எரு என்றால் நிலத்தைச் சந்தோஷப்படுத்துவது. நம் பக்கமும் சளைத்ததில்லை. ஸ்ரீசூக்தத்தில் லட்சுமிக்கு கரீஷிணி என்று ஒரு பெயர் வருகிறது. சாணம் நிறைந்தவள். வங்கிக்காரனுக்குச் செல்வத்தின் அதிதேவதையை அப்படி யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை!

இனி குவானோவின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சொல் கையிலிருந்து கணக்குப் புத்தகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலை மக்களின் மொழி கெச்சுவா. அதில் வனு என்றால் எரு, சாணம். பெரு நாட்டுக் கடலோரத் தீவுகளில் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் அடைகின்றன. அங்கே மழையே கிடையாது என்பதால் எச்சம் கரையாமல் படிந்து படிந்து இறுகும். சின்ச்சா தீவுகளில் சில இடங்களில் அது நூறு அடிக்கு மேல் மலையாக நின்றது. இன்கா அரசர்கள் காலத்தில் இந்தத் தீவுகள் பகுதி பகுதியாகப் பிரித்து ஒதுக்கப்பட்டிருந்தன, அடைகாக்கும் பருவத்தில் தீவுக்குப் போகவோ பறவையைக் கொல்லவோ கூடாது, மீறினால் மரண தண்டனை என்று இன்கா வம்சத்தில் வந்த கார்சிலாசோ எழுதியிருக்கிறார். பறவை இருந்தால்தான் வனு உண்டு என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்பானியர் வாயில் வனு குவானோ ஆனது. 1804-இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் அதில் கொஞ்சத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1840-களில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி தொடங்கியது. இங்கிலாந்து வயல்கள் குவானோவில் செழித்தன. வெட்டி எடுக்க சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அம்மோனியாத் தூசியில் வேலை செய்து அங்கேயே செத்தவர்கள் ஏராளம். அமெரிக்கா 1856-இல் ஒரு சட்டமே போட்டது, ஆளில்லாத தீவில் குவானோ இருந்தால் அமெரிக்கக் குடிமகன் அதைத் தன் நாட்டுக்கு உரிமை கொண்டாடலாம் என்று. 1864-இல் ஸ்பெயின் கப்பற்படை வந்து சின்ச்சா தீவுகளைப் பிடித்துக்கொண்டது. பறவை எச்சத்துக்காக இத்தனை.

வங்கிக்காரனாக என் கண் நின்றது வேறு இடத்தில். பெரு அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி குவானோவிலிருந்துதான் வந்தது. அந்த வருமானத்தைக் காட்டி வெளிநாட்டில் கடன் வாங்கினார்கள், அந்தக் கடனை அடைக்க மேலும் வாங்கினார்கள், ரயில் பாதை போட வாங்கினார்கள். அதாவது எருக்குழியை ஈடு வைத்து ஒரு தேசமே கடன் வாங்கியது. நல்ல குவானோ சுரண்டித் தீர்ந்தது, பறவைகள் போடுகிற வேகத்துக்கும் கப்பல் அள்ளுகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1876-இல் பெரு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 20-ஆம் நூற்றாண்டில்தான் அரசே ஒரு நிறுவனம் வைத்து, தீவுகளுக்கு முறை போட்டு ஓய்வு விட்டு, பறவையைக் கலைக்காமல் கையால் சுரண்டி எடுக்கிற வழிக்கு வந்தார்கள். இன்காக்களுக்குத் தெரிந்திருந்த இடத்துக்கே திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரர்கள் இதற்குத் தெளிவாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். கின்பி. 'கின்' என்றால் பொன், காசு. 'ஹி' என்றால் உரம், சேரும்போது பி ஆகிவிடும். காசு உரம்! எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் நடுவில், ஒசாக்கா சுற்றுவட்டாரத்தில் பருத்தி போட்டவர்கள் காய்ந்த மத்தி மீனையும் பிண்ணாக்கையும் விலைக்கு வாங்கிப் போட்டார்கள். வீட்டில் சேர்ந்த எருவிலிருந்து பிரித்துக் காட்ட அதற்குக் காசு உரம் என்று பெயர். கவனியுங்கள், மீனும் பிண்ணாக்கும் இயற்கைதான். ரசாயனம் ஒரு குன்றிமணி அளவும் கிடையாது. ஆனாலும் அந்த விவசாயிக்கு இது வேறு, அது வேறு. அவர் கோடு போட்டது இயற்கைக்கும் ரசாயனத்துக்கும் நடுவில் இல்லை. கையில் செய்ததற்கும் காசில் வந்ததற்கும் நடுவில் போட்டார்.

இந்த ஒரு சொல் நம்மிடம் இல்லாமல் போனதுதான் நம் இயக்கத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

நாம் போட்டு வைத்திருக்கிற கோடு ரசாயன உரம், இயற்கை உரம். அந்தக் கோட்டை நான் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் போதாது. யூரியாவையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் கிரேக்கத்தில் சிறுநீருக்கான சொல்லிலிருந்து வந்தது. சிறுநீரிலிருந்துதான் அதை முதலில் பிரித்தார்கள். 1828-இல் வோலர் என்பவர் சிறுநீரகமே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து காட்டினார். நாம் தொட்டியில் பிடிக்கிற கோமியத்திலும் யூரியா இருக்கிறது. (கோமயம் என்றால் சமஸ்கிருதத்தில் சாணம். நம்மூரில் கோமியம் என்றால் மூத்திரம். சொல் இப்படியும் ஒழுகும்.) மூட்டையில் இருப்பது ஒரு பொருள் மட்டும், அதுவும் கெட்டியாக. கோமியத்தில் அது பல பொருளோடு சேர்ந்து, நீர்த்து வருகிறது. அதைவிட முக்கியம், கோமியம் வேண்டுமானால் ஒரு மாடு வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வேண்டும், தீவனத்துக்கு வரப்பு வேண்டும், காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற ஓர் ஆள் வேண்டும். கேனில் வருகிற கோமியத்துக்கு இது எதுவும் வேண்டாம். லேபிளில் பசு படம் போட்டிருந்தாலும் அது காசு உரம்தான்.

என் கணக்கைச் சொல்கிறேன். பழக்க தோஷம், பேரேடு போடாமல் இருக்க முடியாது. முதல் வருஷம் மூன்றரை ஏக்கரில் நான் உரத்துக்குச் செலவழித்தது 61,400 ரூபாய். மண்புழு உரம் மூட்டை மூட்டையாக, மீன் அமிலம், பஞ்சகவ்யம் கேனில், கடல்பாசிச் சாறு, ஹியூமிக் என்று கருப்பாக ஒரு தண்ணீர். எல்லாமே இயற்கை. ஒரு மூட்டை யூரியா கிடையாது, நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். கடலை விற்றது 52,000-க்கு. ரசாயன விவசாயத்தில் கடனாளியாகிற அதே வழியில், பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஓய்வூதியம் இருந்ததால் தெரியவில்லை. அந்த வருமானத்தை நம்பி இருக்கிற குடும்பம் என்றால் ரெண்டாவது வருஷமே நிலம் ஈட்டுக்குப் போயிருக்கும்.

நான்காவது வருஷத்திலிருந்து பேரேட்டில் ரெண்டு பத்தி வைத்தேன். ஒன்று காசு எரு, இன்னொன்று கை எரு. நாட்டு மாடு ரெண்டு வந்தது. தென்னை மரத்தடியில் எருக்குழி வெட்டினோம். மழைக்கு முன்னால் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதோம். கண்மாய் தூர்வாரியபோது அனுமதி வாங்கி வண்டல் அடித்தோம். போன வருஷம் காசு எரு 7,800 ரூபாய், பெரும்பாலும் வேப்பம் பிண்ணாக்கு. கை எரு 29,000.

கை எருவுக்குச் செலவே இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. என் பேரேட்டில் அது 29,000. ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று? எங்கள் ஊரில் குப்பை அள்ளிப் போடுகிற அக்காள் தங்கை ரெண்டு பேருக்கும், வண்டிக்காரருக்கும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டைக்கும். சொன்னால் நம்புங்கள், அதில் பெரிய அக்கா எருக்குழியில் கைவிட்டுப் பார்த்தே, "இன்னும் இருபது நாளு போகட்டும் சாரு" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன நாளில் எடுத்தால் மண் வாசனைதான் வரும். நான் அவசரப்பட்டு எடுத்த வருஷம் கரையான் வந்தது. உரம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர் எங்கள் பண்ணையில் அவர்தான். படிவத்தில் அவர் பெயருக்கு இன்னமும் கட்டம் கிடையாது.

எல்லாராலும் இது முடியாது என்பதும் தெரியும். ஊரை விட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர், முழங்கால் போனவர், மாடு வைக்க இடமில்லாதவர் இருக்கிறார்கள். எனக்கே முழங்கால் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் கடையில் வாங்கட்டும், தப்பில்லை. வாங்குகிறபோது காசு எரு வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கட்டும். நம் இயக்கத்து அங்காடிகளிலும் சந்தைகளிலும் கேனுக்கும் மூட்டைக்கும் 'இயற்கை உரம்' என்று மட்டும் எழுதி வைப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். இந்த இதழில் வருகிற சாகுபடிச் செலவு அட்டவணைகளிலும் 'இடுபொருள்' என்று ஒரே வரியில் அடக்கிவிடுகிறோம். அதை ரெண்டாக உடைத்துப் போடுங்கள் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருகிற ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்தவுடன், இந்தப் பண்ணை கையால் நிற்கிறதா, காசால் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதே போல, கடன் படிவத்தில் எரு அடிக்கிற கூலிக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று சங்கங்கள் வங்கிகளிடம் கேட்க வேண்டும். எப்படி எழுதிக் கேட்பது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அந்தப் பாஷை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு ரெண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். லிஸ்ட் ரெடியா ஐயா என்றார். ரெடி என்றேன். மண்வெட்டி ஒன்று, மூங்கில் கூடை நாலு, சணப்பு விதை ரெண்டு ஏக்கருக்கு, அப்புறம் ஊரில் அப்பா காலத்தில் குப்பை அடித்த ஆள் யாராவது இருந்தால் அவர் பெயர். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூங்கில் கூடை ஆன்லைன்ல கிடைக்குமா ஐயா?" என்றார். ஊரில் போய்க் கேளுங்க தம்பி, முடைகிறவர் இன்னும் இருக்கக்கூடும் என்றேன்.

உங்கள் பக்கம் எருவுக்கும் குப்பைக்கும் வேறு என்ன பெயர், அதோடு என்ன வினைச்சொல் சேர்த்துச் சொல்வீர்கள் என்று இதழுக்கு எழுதுங்கள். கொங்குப் பக்கம், தென்பாண்டிப் பக்கம், வடாற்காட்டுப் பக்கம் எல்லாம் வேறு வேறாக இருக்கும். என் நோட்டில் இதுவரைக்கும் பதினேழு சேர்ந்திருக்கிறது.